மேக்கில் பேஜ்மேக்கர்: பேரலல்ஸா, ஃபியூஷனா, வேறு ஏதாவதா?

ஒற்றுப்பிழை (கேள்வி)

திருவல்லிக்கேணியில் வீட்டிலிருந்தபடியே நூல்களுக்குப் பக்க வடிவமைப்பு செய்கிறேன். இருபத்திரண்டு ஆண்டுகளாக இதே வேலைதான். சிறு பதிப்பகங்கள், ஒரு காலாண்டிதழ், கும்பாபிஷேக மலர்கள், அறுபதாம் கல்யாணத்துக்குக் குடும்ப வரலாறு அச்சடிப்பவர்கள் ஆகியோர் என் வாடிக்கையாளர்கள்.

போன மாதம் ஒரு மாலை மின்சாரம் போய், வந்து, மறுபடி போனது. இரண்டாவது முறை வந்தபோது கணினிப் பெட்டிக்குள்ளிருந்து கருகல் வாசனை. மதர்போர்டு போய்விட்டது என்றார் பழுதுபார்ப்பவர். வன்தட்டு மட்டும் பிழைத்தது. செய்தி கேட்டு பெங்களூரிலிருந்து வந்த மகன், தன் பழைய மேக்புக் ஏரை மேசையில் வைத்து, “இனிமேல் இதில் வேலை பார் அம்மா” என்று சொல்லிவிட்டு ஞாயிறு இரவே பஸ் ஏறிவிட்டான். எம்2 சில்லு, 8 ஜிபி நினைவகம், 256 ஜிபி சேமிப்பு. அழகான பொருள்தான், மறுக்கவில்லை. ஆனால் என் பிழைப்பு முழுவதும் பேஜ்மேக்கர் 7 என்ற பழைய விண்டோஸ் பக்க வடிவமைப்பு மென்பொருளில் இருக்கிறது. நானூற்றுச் சொச்சம் கோப்புகள், எல்லாம் யூனிகோடுக்கு முந்தைய டாம் குறியேற்ற எழுத்துருக்களில். தமிழ் தட்டச்சு மென்பொருள் ஒன்று உண்டு. அதற்கு யூஎஸ்பி டாங்கிள் என்ற சிறு பூட்டுக் கருவியைச் செருகினால்தான் வேலை செய்யும்.

ஒரு பதிப்பாளர் 312 பக்க நாவலுக்கு மூன்றாம் பதிப்பு கேட்கிறார். நான்கு திருத்தங்கள், புதிதாக ஒரு முன்னுரை, அவ்வளவுதான். பதினைந்து நாளில் பிடிஎஃப் கொடுக்க வேண்டும்.

மேக்கில் விண்டோஸ் மென்பொருள் ஓட்டப் பேரலல்ஸ், விஎம்வேர் ஃபியூஷன், வர்ச்சுவல்பாக்ஸ், யூடிஎம், கிராஸ்ஓவர் என்று ஐந்து பெயர்கள் கிடைத்தன. காணொளிகளில் எதைத் திறந்தாலும் கார்ப் பந்தய விளையாட்டு எத்தனை வேகமாக ஓடுகிறது என்றே காட்டுகிறார்கள். எனக்குக் கார் ஓட்ட வேண்டாம், 94ஆம் பக்கத்தில் விட்டுப்போன ஒரு ‘ப்’ சேர்க்க வேண்டும். எதைப் போடட்டும்?

வடபழனி வாசி

கிராஸ்ஓவர் போடுங்கள் மேடம், விண்டோஸே வாங்க வேண்டாம். ஒயின் என்ற திறந்த மூல மென்பொருளை அடிப்படையாகக் கொண்டது. விண்டோஸ் நிரலின் அழைப்புகளை மேக்குக்குப் புரியும்படி மாற்றிக்கொடுக்கும். வட்டில் இடமும் குறைவாகத்தான் பிடிக்கும். இரண்டு ஆண்டுகளாக நான் ஒரு பழைய கணக்கு மென்பொருளை அதில்தான் ஓட்டுகிறேன், ஒரு குறையும் இல்லை.

அது சரி, இந்தக் காலத்தில் பேஜ்மேக்கர் எதற்கு? அதற்குப் பின் வந்த இன்டிசைனுக்கு மாறிவிடலாமே?

ஒற்றுப்பிழை

தம்பி, புது நூல்களை இன்டிசைனில் யூனிகோடில்தான் செய்கிறேன். பழைய கோப்புகள்தான் சிக்கல். பேஜ்மேக்கர் கோப்பைத் திறந்த கடைசி இன்டிசைன் சிஎஸ்6. அதற்குப் பிறகு வந்த சிசி பதிப்புகள் திறப்பதில்லை. மேக்குக்கான சிஎஸ்6 கையில் இருந்தாலும் அது 32 பிட். 2019இல் வந்த கேட்டலினா இயங்குதளத்திலிருந்து மேக் 32 பிட் நிரல்களை ஏற்பதில்லை. உரையை மட்டும் எடுத்து யூனிகோடுக்கு மாற்றலாம் என்றால், வரிக்கு வரி உடைந்து 312 பக்கமும் புதிதாகக் கட்ட வேண்டும். பதிப்பாளர் தருவது நான்கு திருத்தத்துக்கான கூலி.

கம்பிவடம்

அக்கா, கோவையில் நான்கைந்து அச்சகங்களுக்குக் கணினி பராமரிக்கிறேன். பெயர்களை ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் சில்லைப் பார்ப்போம்.

உங்களுடையது இன்டெல் மேக்காக இருந்தால் பூட் கேம்ப் மூலம் விண்டோஸை நேரடியாகவே போட்டிருக்கலாம். 2020 நவம்பரில் எம்1 வந்ததிலிருந்து அந்த வழி மூடப்பட்டது. எம்2 ஆர்ம் வகைச் சில்லு. அதில் மெய்நிகர் இயந்திரமாக, அதாவது மேக்குக்குள் ஓடும் இன்னொரு கணினியாக, நல்ல வேகத்தில் ஓடுவது ஆர்ம் சில்லுக்கான விண்டோஸ் 11. பேஜ்மேக்கர் இன்டெல்லுக்கு எழுதப்பட்டதாயிற்றே என்று கேட்பீர்கள். அந்த விண்டோஸே உள்ளுக்குள் மொழிபெயர்த்து ஓட்டிவிடும். 2001இல் வந்த மென்பொருள், பென்டியம் கணினியில் ஓடியது. மொழிபெயர்த்து ஓடினாலும் உங்கள் கருகிய பெட்டியைவிட வேகமாக இருக்கும்.

உண்மையான சிக்கல் டாங்கிள். விண்டோஸ், நிரல்களைத்தான் மொழிபெயர்க்கும், கருவிகளை இயக்கும் டிரைவர்களை அல்ல. ஆர்முக்கென்றே எழுதிய டிரைவர் இல்லாவிட்டால், டாங்கிளைச் செருகினாலும் விண்டோஸுக்கு அது வெறும் பிளாஸ்டிக்தான். பேரலல்ஸ் வாங்கினாலும் இதே கதை, ஃபியூஷன் போட்டாலும் இதே கதை. கிராஸ்ஓவரிலும் டிரைவர் ஏறாது. வடபழனி நண்பரின் கணக்கு மென்பொருளுக்கு டாங்கிள் இல்லை என்று நினைக்கிறேன்.

ஆகவே ஒரு கேள்வி: டாங்கிள் இல்லாமல் பழைய கோப்பைத் திறந்து பார்த்ததுண்டா? அது பூட்டுவது எழுத்துருவையா, விசைப்பலகையையா?

பதில் தெரியும்வரை மற்றவற்றைச் சொல்லிவைக்கிறேன். வசதியில் பேரலல்ஸ்தான் முதலிடம். விண்டோஸைத் தானே இறக்கி நிறுவிக்கொள்ளும். பேஜ்மேக்கர் சாளரத்தை மேக் நிரல்போல டாக்கிலேயே காட்டும். ஆர்ம் விண்டோஸை அதில் ஓட்ட 2023 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் முறையாக அனுமதி அளித்தது. ஆனால் ஆண்டுதோறும் சந்தா கட்ட வேண்டும். ஒருமுறை வாங்கும் உரிமமும் உண்டு, அடுத்த பதிப்புக்கு மறுபடி பணம்.

விஎம்வேர் ஃபியூஷன் 2024 மே மாதம் சொந்தப் பயன்பாட்டுக்கு இலவசமானது. அதே ஆண்டு நவம்பரில் தொழில் செய்பவர்களுக்கும் இலவசமாக்கினார்கள். நீங்கள் இதில் சம்பாதிக்கிறீர்கள் என்பதால் இந்த இரண்டாவது தேதிதான் உங்களுக்கு முக்கியம். விஎம்வேரை வாங்கிய பிராட்காமின் தளத்தில் கணக்குத் தொடங்கினால்தான் இறக்க முடியும். வர்ச்சுவல்பாக்ஸும் இலவசம், ஆனால் ஆர்ம் விண்டோஸுக்கான ஆதரவு 2025 ஆகஸ்டில் வந்த 7.2இல்தான் சேர்ந்தது. பதினைந்து நாள் கெடு வைத்துக்கொண்டு அதில் சோதனை செய்ய வேண்டாம்.

யூடிஎம் தனி இனம். அது ஆர்ம் விண்டோஸையும் ஓட்டும், முழு இன்டெல் கணினியையே பாவனை செய்து பழைய விண்டோஸ் எக்ஸ்பியையும் ஓட்டும். எக்ஸ்பி என்றால் டாங்கிளின் பழைய டிரைவர் ஏற வாய்ப்பு உண்டு. ஆனால் ஆமை வேகம். எக்ஸ்பிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரலோடு நின்றுவிட்டதால் இணையத்தையும் துண்டித்துத்தான் வைக்க வேண்டும். வேறு வழியே இல்லாவிட்டால் மட்டும் அங்கே போகலாம்.

எதைப் போட்டாலும் விண்டோஸுக்குத் தனி உரிமம் வேண்டும். உங்கள் 8 ஜிபியில் 4 ஜிபியை அதற்குக் கொடுங்கள், அந்த நேரத்தில் குரோமில் இருபது தாவல் திறந்துவைக்காதீர்கள்.

ஒற்றுப்பிழை

கேட்டீர்களே தம்பி, நல்ல கேள்வி. மூன்று ஆண்டுகளுக்கு முன் அண்ணன் பேரன் விளையாட்டாக டாங்கிளைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டான். அவன் வாயிலிருந்து எடுக்கும்வரை திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திறந்திருந்த பக்கம் அப்படியே தமிழில்தான் இருந்தது. தட்டினால் மட்டும் ஆங்கிலமும் குறிகளுமாக விழுந்தது. மூடித் திறந்து பார்க்கவில்லை. அன்று எனக்கு இருந்த பதற்றம் கோப்பைப் பற்றியதல்ல.

கம்பிவடம்

அப்படியானால் பூட்டு விசைப்பலகைக்குத்தான். எழுத்துருக்கள் சாதாரண டிடிஎஃப் கோப்புகளாகப் பழைய வன்தட்டின் ஃபான்ட்ஸ் அடைவில் இருக்கும், நகலெடுத்துப் புது விண்டோஸில் போட்டுவிடுங்கள். தட்டச்சுக்கு என்எச்எம் ரைட்டர் இலவசம். யூனிகோடில் மட்டுமல்ல, டாம் குறியேற்றத்திலும் எழுதும். பழைய தட்டச்சு விசைப்பலகையும் அதில் உண்டு. நான்கு திருத்தத்துக்கும் ஒரு முன்னுரைக்கும் தாராளமாகப் போதும்.

ஃபியூஷன் போடுங்கள் அக்கா. பேஜ்மேக்கர், எழுத்துரு, தட்டச்சு எல்லாம் நிறுவி முடித்ததும் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவையுங்கள். பிறகு எது கெட்டாலும் அந்த நாளுக்குத் திரும்பிவிடலாம். கோப்புகளை விண்டோஸுக்குள் வைக்காமல் மேக்கில் வைத்து, மேக்கின் கோப்புப் பகிர்வைப் போட்டுக்கொண்டு வலையமைப்பு அடைவாகத் திறங்கள். மெய்நிகர் இயந்திரம் பழுதானாலும் நாவல் பிழைக்கும்.

மைக்கறை

அம்மா, சிவகாசியில் அச்சகத் தொழிலில் நாற்பது ஆண்டு இருந்தவன். தம்பி சொன்னதெல்லாம் சரி, ஆனால் பாதி தூரம்தான் வந்திருக்கிறார். பேஜ்மேக்கர் திறந்துவிட்டால் போதுமா? பிடிஎஃப் வர வேண்டாமா?

உங்கள் பழைய கணினியில் பிடிஎஃப் ஆக்கும் டிஸ்டில்லர் பிரின்டரைத் தேர்ந்தெடுத்துத்தானே பிடிஎஃப் எடுத்திருப்பீர்கள்? பிரின்டர் டிரைவரும் டிரைவர்தான். அந்தப் பழைய சரக்கு ஆர்ம் விண்டோஸில் ஏறாது. விண்டோஸிலேயே வரும் போஸ்ட்ஸ்கிரிப்ட் டிரைவரை வைத்துக் கோப்பாக அச்சிடுங்கள், பிஎஸ் (போஸ்ட்ஸ்கிரிப்ட்) கோப்பு கிடைக்கும். அதை மேக்கில் பிடிஎஃப் ஆக்க வேண்டும். முன்பெல்லாம் மேக்கிலேயே இருக்கும் பிரிவியூவில் இழுத்துப் போட்டால் ஆகிவிடும். 2022இல் வந்த வென்சுரா இயங்குதளத்தில் அதை எடுத்துவிட்டார்கள். அந்த வேலையைச் செய்யும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் மென்பொருளை நிறுவிக்கொள்ளுங்கள். எழுத்துரு முழுவதும் உட்பொதிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். இல்லாவிட்டால் பிளேட் போடும் இடத்தில் தமிழ் போய்க் குறிகள்தான் வரும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. முதல் முறை திறக்கும்போது எழுத்துரு ஒன்று விட்டுப்போயிருந்தால் பேனோஸ் என்று ஒரு பெட்டி வந்து மாற்று எழுத்துரு காட்டும். அவசரத்தில் சரி கொடுத்துச் சேமித்துவிடாதீர்கள். ரத்து செய்து, எழுத்துருவைப் போட்டுவிட்டுத் திறங்கள். இரண்டாவதை நிறையப் பேர் மறந்துவிட்டார்கள். பேஜ்மேக்கர் எந்தப் பிரின்டருக்காக என்று வைத்துக்கொண்டுதான் வரியைக் கட்டும். ஆவண அமைப்புப் பெட்டியின் அடியில் பிரின்டர் பெயரும் தெளிவுத்திறன் எண்ணும் இருக்கும். பிரின்டர் மாறினால் எழுத்தின் அகலக் கணக்கில் மயிரிழை வித்தியாசம் வந்து எங்கோ ஒரு வரி உடையும். அச்சான இரண்டாம் பதிப்பை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கத்தின் கடைசி வரியையும் ஒப்பிடுங்கள். முழுப் பக்கமும் படிக்க வேண்டியதில்லை, கடைசி வரி போதும்.

வடபழனி வாசி

என் மென்பொருளுக்கு டாங்கிள் இல்லைதான். ஒப்புக்கொள்கிறேன். கிராஸ்ஓவரை நான் பரிந்துரைத்ததைக் கழித்துக்கொள்ளுங்கள்.

ஒற்றுப்பிழை

எட்டு நாள் கழித்து எழுதுகிறேன். பிடிஎஃப் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஃபியூஷன்தான் போட்டேன். விண்டோஸ் இறங்க ஒரு மாலை, நிறுவ அரை மணி. பேஜ்மேக்கர் முதலில் திறக்க மறுத்தது. நிர்வாகியாக இயக்கு என்று வலது சொடுக்கில் கொடுத்ததும் அந்தப் பழைய முகப்பு வந்தது. வேகத்தில் குறையில்லை. பேனோஸ் பெட்டியும் ஐயா சொன்னபடியே வந்தது. தலைப்பு எழுத்துரு ஒன்றை நகலெடுக்க மறந்திருந்தேன். நீங்கள் எழுதியதைப் படித்திராவிட்டால் சரி கொடுத்திருப்பேன்.

கடைசி வரி விஷயம். 186ஆம் பக்கம் வரை அச்சுப் பிரதியும் திரையும் ஒன்றாக இருந்தன. 187இல் ‘கொண்டிருந்தாள்’ என்ற சொல் கீழ் வரிக்கு இறங்கியிருந்தது. ஒரே ஒரு சொல்தான். அதனால் பத்தி ஒரு வரி நீண்டு, அந்த அத்தியாயத்தின் மீதிப் பதினோரு பக்கமும் ஒவ்வொரு வரி நகர்ந்து, முடிவில் இரண்டே வரியோடு ஒரு புதுப் பக்கம் முளைத்திருந்தது. ஆவண அமைப்பைத் திறந்தால் 1200 இருக்க வேண்டிய இடத்தில் 600. மாற்றியதும் ‘கொண்டிருந்தாள்’ மேலே ஏறிவிட்டாள். இதை நான் தனியாகக் கண்டுபிடித்திருக்கவே மாட்டேன் ஐயா.

என்எச்எம் ரைட்டரில் முன்னுரையை அடித்தேன். இரண்டொரு குறிகள் மட்டும் என் விரல் தேடிய இடத்தில் இல்லை, பழகிவிடும். பழகாதது மேக்கின் விசைப்பலகைதான். இடது மூலையில் கன்ட்ரோல் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என் என்று ஒன்று உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் அதைத்தான் அழுத்துகிறேன். பழைய யூஎஸ்பி விசைப்பலகையைச் செருக ஓர் இணைப்பான் வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன்.

டாங்கிளைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. அன்று அதற்குக் கொடுத்த பணத்தில் இரண்டு பவுன் வளையலுக்கு முன்பணம் கட்டியிருக்கலாம்.

தம்பி, இன்னும் ஒன்று. கோஸ்ட்ஸ்கிரிப்ட் கட்டளையை ஒவ்வொரு முறையும் டெர்மினலில் தட்ட வேண்டியிருக்கிறது. ஒரு புள்ளி விட்டாலும் திட்டுகிறது. சொடுக்கினால் போதும் என்று ஏதாவது வழி உண்டா?

கம்பிவடம்

உண்டு அக்கா. மேக்கிலேயே ஆட்டோமேட்டர் இருக்கிறது. கட்டளையை ஒருமுறை அதில் எழுதி நிரலாகச் சேமித்து முகப்பில் வைத்துவிட்டால், பிஎஸ் கோப்பை அதன் மேல் இழுத்துப் போட்டால் பிடிஎஃப் வந்துவிடும். நீங்கள் பயன்படுத்தும் கட்டளையை அப்படியே இங்கே ஒட்டுங்கள், கோப்பின் பெயர் வரும் இடத்தை மட்டும் மாற்றித் தருகிறேன்.