பிரெஞ்சும் இத்தாலியமும் சேர்த்துப் படித்தவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம். கானாடுகாத்தானிலிருந்து எழுதுகிறேன். மகள் பிளஸ் டூ. மொழிப்பாடம் பிரெஞ்சு. பழைய வீடுகளைப் பார்க்க வரும் பிரெஞ்சுக்காரர்களிடம் வலியப் போய்ப் பேசுவாள். போன வாரம்கூட எங்கள் முகப்பில் ஒரு தம்பதியை நிறுத்தி, பர்மாத் தேக்கு எது, இத்தாலியப் பளிங்கு எது, ஆத்தங்குடிக் கல் எது என்று தொட்டுக்காட்டி விளக்கிக்கொண்டிருந்தாள். இப்போது இத்தாலியமும் வேண்டுமாம். இரு நாட்டு இலக்கியமும் கலை வரலாறும் படிக்க வேண்டுமாம்.

நான் விசாரித்தவரை, தில்லிப் பல்கலைக்கழகத்தில் இரண்டு மொழிகளுக்கும் தனித்தனியே பி.ஏ. ஆனர்ஸ் உண்டு. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. பிரெஞ்சு உண்டு. பிரான்சில் பிரெஞ்சு வழியில் பட்டம் படிக்கப் பெரும்பாலும் டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித் தேர்வில் பி2 நிலை கேட்கிறார்கள். இத்தாலியில் பெருஜியா நகரில் வெளிநாட்டவருக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது.

முதலாண்டிலேயே இரண்டையும் சேர்த்து எடுத்தால் தாங்குமா? இரண்டும் லத்தீன் வழி வந்தவை, எளிது என்கிறார் ஒருவர். அதனாலேயே குழம்பும் என்கிறார் இன்னொருவர். காரைக்குடிப் பக்கம் இத்தாலியம் சொல்லித்தர யாராவது இருக்கிறார்களா, இல்லை இணைய வகுப்புதானா? பெருஜியாவில் படித்தவர்கள் இருந்தால் தங்கும் செலவையும் சொல்லுங்கள்.

“இதைப் படித்து என்ன வேலை?” என்று மட்டும் கேட்காதீர்கள், வீட்டில் அதற்கு ஆள் இருக்கிறது. அப்பத்தா மட்டும் பேத்தி கட்சி. பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போன குடும்பம், படிக்கப் போவதற்கா யோசிப்பது என்கிறார்.