மெகா டிரைவா, சூப்பர் நின்டெண்டோவா?

கேள்வி:
வணக்கம். பழைய 16 பிட் வீடியோ கேம் கன்சோல்களில் ஒன்றே ஒன்றை வாங்கலாம் என்றிருக்கிறேன். சேகா மெகா டிரைவின் பிராசசர் ஏறத்தாழ 7.6 மெகாஹெர்ட்ஸிலும், சூப்பர் நின்டெண்டோவினுடையது அதிகபட்சம் 3.58 மெகாஹெர்ட்ஸிலும் இயங்குவதாகப் படித்தேன். அப்படியானால் 1988இலேயே ஜப்பானில் வெளிவந்த சேகாதான், 1990இல் வந்த போட்டிக் கன்சோலைவிடத் திறன் மிக்கது என்று கொள்ளலாமா?

பதில் 1:
கொள்ள முடியாது, நண்பரே. மெகா டிரைவிலுள்ள மோட்டோரோலா 68000 ஒரு கட்டளையை முடிக்கக் குறைந்தது 4 சுழற்சிகள் (மெகாஹெர்ட்ஸ் கணக்கிடுவது இவற்றைத்தான்) எடுத்துக்கொள்ளும். நின்டெண்டோவின் பிராசசரோ பல கட்டளைகளை 2 அல்லது 3 சுழற்சிகளிலேயே முடித்துவிடும். ஆகவே வேகத்தில் சேகா முந்துவது உண்மையே என்றாலும், அது இருமடங்கு அன்று.

படத்தில்தான் வேறுபாடு பளிச்சென்று தெரியும். சூப்பர் நின்டெண்டோ 32,768 வண்ணங்களிலிருந்து 256 வண்ணங்களை ஒரே நேரத்தில் காட்டும். மெகா டிரைவ் 512இலிருந்து அறுபத்துச் சொச்சம் வண்ணங்களையே வழக்கமாகக் காட்டும். ஒன்றின் ஊடே மற்றொன்று தெரியும்படி வண்ணங்களைக் கலக்கும் வசதியும் நின்டெண்டோவில் உண்டு. சேகாவில் அது இல்லாததால், 1991இல் வந்த ‘சோனிக்’ ஆட்டத்தின் அருவியைச் செங்குத்துக் கோடுகளாக இடைவெளிவிட்டு வரைந்தார்கள். வண்ணங்களை ஒரே கம்பியில் கலந்து அனுப்பும் காம்போசிட் கேபிள் அக்கோடுகளைக் குழைத்துவிட, அருவிக்குப் பின்னாலிருப்பது தெரிவதுபோல் தோன்றும். சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியே அனுப்பும் துல்லியமான ஆர்ஜிபி கேபிளில் பார்த்தால் கோடுகள் தனித்தனியே நிற்கும்.

பதில் 2:
ஒலியை யாரும் சொல்லவில்லையே! என்னைப் பொறுத்தவரை இரண்டும் உண்மையில் பிரியும் இடம் அதுதான். மெகா டிரைவின் யமஹா சிப் ஒலியை அந்தந்தக் கணத்தில் தானே உருவாக்குகிறது. அதனால் பேஸ் எனும் தாழ்ந்த ஒலி உலோகம்போல் அதிர்ந்து ஒலிக்கும். சோனி வடிவமைத்த நின்டெண்டோவின் ஒலிச் சிப், பதிவுசெய்த கருவியோசைகளை 8 தடங்களில் வாசிக்கும். ஆனால் அவை அனைத்தும் 64 கிலோபைட் நினைவகத்துக்குள் அடங்க வேண்டியிருப்பதால், இசைக்குழுவின் நிறைவு கிடைத்தாலும் ஒலி சற்று மங்கியே கேட்கும். அதிரடி ஆட்டங்களுக்கு முன்னதையும் நெடுங்கதை ஆட்டங்களுக்குப் பின்னதையும் நான் தயங்காமல் தேர்வேன்.

பதில் 3:
மேலே சொன்ன தேர்வு எனக்கும் உடன்பாடே. நெடுங்கதை ஆட்டங்களின் கேட்ரிட்ஜ்களை (கன்சோலில் செருகும் ஆட்டப் பெட்டிகளை) வாங்குவதாயின் ஒன்றைக் கவனியுங்கள். அவற்றில் பெரும்பாலானவற்றில், சேமித்த ஆட்டம் உள்ளிருக்கும் சிறு பேட்டரியின் தயவில்தான் நிற்கிறது. பேட்டரி தீர்ந்திருந்தால் கன்சோலை அணைத்ததும் எல்லாம் போய்விடும். ஒருமுறை சேமித்து, அணைத்து, சிறிது நேரம் கழித்து மீண்டும் போட்டுப் பார்த்த பிறகே வாங்குங்கள்.