ஒன்டாரியோ: வேலை போச்சு, பிள்ளைங்களுக்குக் கட்டுற சப்போர்ட்டைக் குறைக்க முடியுமா?

பிராம்ப்டன்_புதுசு:
வணக்கம். பிஆர்ல (நிரந்தரக் குடியுரிமை) வந்து கொஞ்ச காலம்தான் ஆகுது. நாங்க பிரிஞ்சுட்டோம். ரெண்டு பிள்ளைங்க, அம்மாகூட இருக்காங்க. கோர்ட் ஆர்டர்படி மாசம் ஆயிரத்துச் சொச்சம் டாலர் கட்டணும். ஐடி வேலை இப்ப இல்ல, வேர்ஹவுஸ்ல நைட் ஷிப்ட். பழைய சம்பளத்துல பாதிகூட வரல. சப்போர்ட்டை வசூல் பண்ணிக் கொடுக்கற அரசு ஆபீஸ் எஃப்ஆர்ஓவுக்கு போன் பண்ணிக் கெஞ்சிட்டேன், "எங்களால தொகையை மாத்த முடியாது"ன்னுட்டாங்க. யாரைப் போய்ப் பார்க்கறது? தூக்கமே இல்ல.

மார்க்கம்_அண்ணை:
தம்பி, மனசை விடாதேங்கோ. நாங்கள் வந்த காலத்தில ஒரு பேஸ்மென்ட்டுக்குள்ள எட்டுப் பேர். பகல் பேக்டரி, இரவு ரெஸ்டோரன்டில கோப்பை கழுவல். பனிக்குப் போட ஒழுங்கான சப்பாத்துக்கூட இல்லை. பிள்ளையளின்ர அம்மாவோட கதைச்சுப் பாருங்கோ. அவ ஓமெண்டா கோர்ட் எதுக்கு?

எட்டோபிகோ_வாசி:
அண்ணா, அது ஆபத்து. வாயால ஒத்துக்கிட்டா ஆர்டர் மாறாது. எஃப்ஆர்ஓ பழைய தொகையையே கணக்கு வச்சு பாக்கியை ஏத்திக்கிட்டே போகும். ரெண்டு பேருக்கும் சம்மதம்னா படிவம் 15டி போட்டு நீதிபதிகிட்ட ஆர்டர் வாங்கணும். லாயர் இல்லாமலே செய்யலாம்.

மில்டன்_மணி:
லாயர் இல்லாம கோர்ட் வாசலையே மிதிக்காதீங்க. நான் அப்படிப் போய் அனுபவிச்சேன்.

ஓஷாவா_அம்மா:
வாங்குற பக்கத்துலேருந்து சொல்றேன். டேகேர் பணம் ஒண்ணாம் தேதி நிக்குது. போன வருஷ ஸ்னோ பூட்ஸ் இந்த வருஷம் கால்ல ஏறல. பிள்ளை செலவு யார் வேலை போனாலும் குறையாது. ஒண்ணு கேக்கறேன் தம்பி: வேலை போச்சா, நீங்களா விட்டீங்களா? அதைச் சொல்லவே இல்லையே.

மில்டன்_மணி:
ஐடியில யாருக்குத்தான் வேலை நிலையா இருக்கு? எங்க போனாலும் கனடா அனுபவம் இருக்கான்னு கேக்கறான். வாடகை வேற.

மார்க்கம்_அண்ணை:
பிராம்ப்டனில கார் இன்சூரன்ஸ் இன்னும் மோசம். என்ர மருமகன் மாசாமாசம் அழுறான்.

பிராம்ப்டன்_புதுசு:
இன்சூரன்ஸ் கிடக்கட்டும், லைசென்ஸே போயிடும் போல. பாக்கி கட்டலன்னா லைசென்ஸை முடக்குவோம்னு எஃப்ஆர்ஓகிட்டேருந்து 'ஃபர்ஸ்ட் நோட்டீஸ்'னு லெட்டர் வந்திருக்கு. கார் இல்லன்னா நைட் ஷிப்டுக்குப் போக பஸ்ஸே கிடையாது.

எட்டோபிகோ_வாசி:
இதை முதல்லயே சொல்லியிருக்கணும்! மத்த பேச்சு அப்புறம். நோட்டீஸ்ல இருந்து உங்களுக்கு 30 நாள்தான். அதுக்குள்ள பாக்கியைக் கட்டணும், இல்ல எஃப்ஆர்ஓவோட தவணை பேசி முடிக்கணும், இல்ல கோர்ட்ல 'ரிஃப்ரெய்னிங் ஆர்டர்' வாங்கணும். அது லைசென்ஸ் முடக்கத்தை ஆறு மாசம் வரைக்கும் நிறுத்தி வைக்கும், தொகையைக் குறைக்காது. குறைக்கறதுக்கு 'மோஷன் டு சேஞ்ச்', அதாவது ஆர்டரை மாத்தச் சொல்லி கோர்ட்ல போடற மனு, படிவம் 15. கூடவே நிதி விவரம், படிவம் 13. பழைய ஆர்டர், வரி ஆபீஸ் அனுப்பற நோட்டீஸ் ஆஃப் அசெஸ்மென்ட் மூணு வருஷத்துக்கு, இப்போதைய சம்பளச் சீட்டு, வேலை தேடி அனுப்பின மெயில்கள் எல்லாத்தையும் சேர்த்து வையுங்க. ஓஷாவா அக்கா கேட்டதுதான் நீதிபதியும் கேக்கற முதல் கேள்வி. நீங்களா விட்டிருந்தா பழைய சம்பளமே வர்றதா வச்சுக் கணக்குப் போட இடம் இருக்கு. வேலை நின்னதும் கம்பெனி கொடுக்கற ரெக்கார்ட் ஆஃப் எம்ப்ளாய்மென்ட்ல 16ஆவது கட்டத்தைப் பாருங்க. ஏ-ன்னா வேலை இல்லாம நிறுத்தினது, இ-ன்னா தானா விட்டது.

இன்னொண்ணு. பழைய பாக்கியையும் குறைக்கணும்னா, வருமானம் குறைஞ்சதைப் பிள்ளைங்களோட அம்மாவுக்கு எப்பத் தெரியப்படுத்தினீங்கங்கறது முக்கியம். 2021ல கொலூச்சி வழக்குல கனடா உச்ச நீதிமன்றம் வருமான ஆவணங்களை முழுசாக் காட்டணும்னு அழுத்திச் சொல்லியிருக்கு. அதனால இன்னைக்கே அவங்களுக்கு மெயில் போடுங்க, சம்பளச் சீட்டோட. சண்டை வார்த்தை ஒண்ணும் வேண்டாம். முடிஞ்ச தொகையைக் கட்டறதை மட்டும் நிறுத்தாதீங்க.

ஓஷாவா_அம்மா:
மெயில் முக்கியம். எனக்கு அப்படி ஒரு மெயில் வந்திருந்தா நான் 15டி-லயே கையெழுத்துப் போட்டிருப்பேன். சொல்லாம நிறுத்தினதுதான் எரிச்சல்.

பிராம்ப்டன்_புதுசு:
கோட் ஏ-தான், லேஆஃப். லெட்டர்ல தேதி இந்த மாசம் 11. லாயருக்குக் காசு இல்லையே.

எட்டோபிகோ_வாசி:
அப்ப நாள் இருக்கு. குடும்ப நீதிமன்றத்துல குடும்பச் சட்டத் தகவல் மையம் இருக்கும், இலவசம். எந்தப் படிவம், எந்த கோர்ட்னு அங்கேயே கேளுங்க. வருமானம் குறைவுன்னா கோர்ட்லயே இருக்கற லீகல் எய்ட் ட்யூட்டி கவுன்சலும் (இலவச லாயர்) பார்ப்பாங்க. லெட்டரைக் காட்டி 30 நாள் கணக்கை முதல்ல சொல்லுங்க. நைட் ஷிப்ட் முடிஞ்சதும் நேரா அங்கே போயிடுங்க.