பனிக்காலத்தில் கோல்ஃப் பந்து ஏன் தூரம் போவதில்லை?

கேள்வி: ஜனவரியில் ஹவாயிலும் துபாயிலும் தொழில்முறை ஆட்டக்காரர்கள் அரைக்கைச் சட்டையுடன் 300 கெஜத்துக்கும் மேல் அடிப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு ஸ்காட்லாந்துக் குளிரில் ஆடப் போனால், என் பந்து கோடையில் சென்ற தூரத்தைக்கூட எட்டாதது ஏன்?

பதில் 1: குளிர்ந்த காற்று அடர்த்தி மிக்கது என்பதால் பந்தின் வேகம் விரைவில் குறைகிறது, அதன் ரப்பர் உள்ளகமும் துள்ளலை இழக்கிறது. இதற்காகப் பந்தைச் சூடேற்றிவிடாதீர்கள். வேண்டுமென்றே சூடேற்றிய பந்தை அடிப்பதை கோல்ஃப் விதி 4.2 தடை செய்கிறது.

பதில் 2: மூன்று அடுக்குக் கம்பளிக்குள் தோள் எப்படித் திரும்பும்? பெரிய மட்டையை எடுத்து நிதானமாக அடியுங்கள்.

பதில் 3: தரையையும் கணக்கில் கொள்ளுங்கள். ஸ்காட்லாந்தின் புகழ்பெற்ற கோல்ஃப் மைதானமான செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸிலேயே குளிர்காலத்தில் புல்லைக் காப்பதற்காகச் சிறு விரிப்பின்மேல் பந்தை வைத்து அடிக்கச் சொல்வதுண்டு. ஈரத்தரையில் விழுந்த பந்து, சேறு அப்பிக்கொண்டு, விழுந்த இடத்திலேயே நின்றுவிடும். ஹவாயில் அது உருண்டோடும்.