கிராமத்துக் கொலைக்கதை: எதில் தொடங்கலாம்?

கேள்வி (காரைக்குடி): ஊரார் அனைவரும் ஒருவரையொருவர் அறிந்திருக்கும் கிராமத்தில் கொலை நிகழ்ந்து, மர்மம் மெல்ல அவிழும் பழைய நாவல் ஒன்றைப் பரிந்துரைப்பீர்களா?

பதில் (தேவகோட்டை): அகதா கிறிஸ்டி 1926-இல் வெளியிட்ட ‘ரோஜர் அக்ராய்டின் கொலை’யைத் தயங்காமல் எடுங்கள். கிங்ஸ் அபட் கிராமத்தில் ஓய்வுக்காலத்தைக் கழிக்க வந்த துப்பறிவாளர் போய்ரோ, வெறுப்பில் வீசியெறிந்த சுரைக்காய் போன்றதொரு காய் மதிலைத் தாண்டி விழுகிறதே, அந்த அடுத்த வீட்டு மருத்துவர்தான் நமக்குக் கதையைச் சொல்கிறார். அவருடைய அக்கா கரோலின் வீட்டிலிருந்தபடியே ஊர்ச்செய்தி முழுவதையும் திரட்டிவிடுவதைப் படிக்கையில், எங்கள் வளவில் அமர்ந்திருக்கும் ஆச்சிகள் நினைவுக்கு வந்தார்கள்.

பதில் (பள்ளத்தூர்): ஆச்சியே துப்பறிய வேண்டுமென்றால், மிஸ் மார்ப்பிள் முதன்முதலாக நாவலில் தோன்றும் 1930-ஆம் ஆண்டுப் படைப்பும் உண்டு. ஆயினும் முன்னதே என் தேர்வு. விமர்சனங்களை மட்டும் முன்கூட்டியே படித்துவிடாதீர்கள், அண்ணே.