“மறுநாளே வேலைக்குப் போனீர்களே?”

பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்களுக்கு நீதிமன்றத்தில் துணையாக இருக்கும் பணியைச் சில ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். யாரையும் அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

நூற்பாலைத் தொழிலாளியான ஒரு பெண்ணிடம், குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றைத்தான்: “மறுநாளே வேலைக்குப் போனீர்களே, அப்படி ஒன்று நடந்திருந்தால் போயிருப்பீர்களா?” அவர் பதில் சொல்லவில்லை. இடைவேளையில் வராந்தாவில் என்னிடம் சொன்னார்: “வீட்டில இருந்தா அம்மா முகத்தைப் பார்க்கணுமே அக்கா. மில்லுல அறுந்த இழையை ஒட்டிக்கிட்டே இருக்கணும், வேற எதையும் நினைக்க நேரம் இருக்காது.” குறுக்கு விசாரணை முடிந்ததும் அரசு வழக்கறிஞர் மீண்டும் எழுந்து காரணத்தைக் கேட்டபோது அதே பதிலைச் சொன்னார், அது சாட்சியமாகப் பதிவானது.

சம்பவ நேரத்தில் கத்த வேண்டும் என்று நினைத்தும் குரல் எழவில்லை, கைகால் அசையவில்லை என்று பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அச்சம் எல்லை மீறும்போது உடல் தானாகவே உறைந்து போவதை மருத்துவ உலகம் நன்கு அறியும். ஆனாலும் அந்தப் பெண்கள் ஆண்டுக்கணக்கில் தங்களையே குற்றம் சாட்டிக் கொள்கிறார்கள். இதில் நீதிமன்றங்களுக்கும் பங்கு உண்டு. 1972இல் மகாராஷ்டிரத்தில் காவல் நிலையத்துக்குள் பழங்குடிச் சிறுமி ஒருவர் வன்கொடுமைக்கு ஆளான வழக்கில், உடலில் காயம் இல்லை என்பதையும் ஒரு காரணமாகக் காட்டி உச்ச நீதிமன்றம் 1978இல் காவலர்களை விடுவித்தது. அதை எதிர்த்து எழுந்த போராட்டங்களால் 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. ஒரு பெண் எதிர்த்துப் போராடவில்லை என்பதை மட்டும் வைத்து அவர் சம்மதித்தார் என்று கொள்ளக் கூடாது என்ற விளக்கம் சட்டத்தில் வருவதற்கோ 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தருமபுரி மாவட்டம் வாச்சாத்தி கிராமத்தில் 1992 ஜூனில் அரசு ஊழியர்களால் வன்கொடுமைக்கு ஆளான 18 பெண்கள், தருமபுரி நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளிக்கும் வரை தங்கள் சொல்லில் உறுதியாக நின்றார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தபோதுதான் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவானது. அந்த உறுதியை நான் வணங்குகிறேன். ஆனால் எல்லாப் பெண்களும் அப்படித்தான் நிற்க வேண்டும் என்று கேட்பதற்கு நமக்கு உரிமை இல்லை.

நடுத்தர வயதுப் பெண் ஒருவர், சிறுவயதில் நெருங்கிய உறவினர் செய்ததை, தம் மகள் வயதுக்கு வந்த பிறகே முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னார். வழக்கு வேண்டாம், அந்த வீட்டு விசேஷங்களுக்கு மகளை அனுப்பச் சொல்லி யாரும் வற்புறுத்தாமல் இருந்தால் போதும் என்றார். அவர் கேட்டுக் கொண்டதால் கணவரிடம் அதை மட்டும் தெரிவித்தேன். என்ன நடந்தது என்று கணவர் என்னிடம் கேட்டார். அதைச் சொல்வதா, எப்போது சொல்வது என்பதை உங்கள் மனைவிதான் முடிவு செய்ய வேண்டும் என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மகளை அனுப்பப் போவதில்லை என்று அவர் உறுதியளித்தார்.