ஒரு அடி ஆழத்தில் விதைத்தால் மக்காச்சோளம் முளைக்குமா?

கரிசல்மண்: சோளக்கொல்லை நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அமெரிக்காவின் அரிசோனாவில் நவஹோ பழங்குடி விவசாயிகள் ஒரு அடி ஆழத்தில் மக்காச்சோளம் விதைப்பது கட்டுக்கதையாம், விதை அழுகிவிடுமாம். அங்கே மேல்மணல் காய்ந்து கிடக்கும். பனி உருகி இறங்கிய ஈரம் அடியில்தான் இருக்கும். விதை நடும் கழியால் ஈரமண் வரும்வரை குழி பறித்து, குழிக்குப் பல விதை போடுகிறார்கள். இந்த முறையில் தண்ணீர் பாய்ச்சுவதே இல்லை. இதில் எது கதை?

சோளக்கொல்லை: இருபது வருடமாக மக்காச்சோளம் போடுகிறேன். இரண்டு விரல் ஆழம் தாண்டினாலே முளைப்பு குறையும். ஒரு அடியாம்!

பனங்காடு: 'நிலைத்த வேளாண்மை' என்று எதைச் சொல்கிறோம் என்று முதலில் பேசிக்கொள்ளலாமே?

கரிசல்மண்: அது இருக்கட்டும். சோளக்கொல்லை போடுவது கடை விதை, அவர்களுடையது நாட்டு ரகம். விதைக்கும் குருத்துக்கும் இடைப்பட்ட தண்டு அதில் நீளமாக வளர்ந்து குருத்தை மேலே தள்ளும். 1914-லேயே காலின்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஹோப்பி, நவஹோ பழங்குடிகளின் ரகங்களில் இதைப் பார்த்து எழுதிவிட்டார். ஒரு அடி முளைக்கும்.

சோளக்கொல்லை: போன மாதம் சொட்டுநீர் விவாதத்திலும் இப்படித்தான் அடித்துப் பேசினீர்கள். நான் மறக்கவில்லை.

மதகடி: நவஹோ இல்லை, நவாஹோ. அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது தினே.

கரிசல்மண்: உச்சரிப்பை அப்புறம் பார்க்கலாம்.

மதகடி: பெயரையே சரியாகச் சொல்லாதவருக்கு அவர்கள் விவசாயத்தைப் பற்றி என்ன பேச்சு?

சோளக்கொல்லை: அதே ஆட்கள்தானே 2015-இல் நியூ மெக்சிகோவில் உள்ள தங்கள் ஊரான ஷிப்ராக்கில் பாசன வாய்க்காலை மூடி, தங்கள் பயிரைத் தாங்களே காயவிட்டார்கள்? ஆற்றுத்தண்ணீர் பழைய நிலைக்கு வந்துவிட்டதாக அரசே சொன்ன பிறகும்!

கரிசல்மண்: எந்த அரசு? அந்த ஆகஸ்ட் 5-ஆம் தேதி கொலராடோவில் கோல்டு கிங் சுரங்கத்தை உடைத்துவிட்டதே அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் ஆட்கள்தான். 30 லட்சம் கேலன் சுரங்கக் கழிவுநீர் அனிமாஸ் ஆற்றில் இறங்கி, ஷிப்ராக் வாய்க்காலுக்குத் தண்ணீர் தரும் சான் யுவான் ஆறு வரை மஞ்சளாக ஓடியது. உடைத்தவரே வந்து 'இனி பாய்ச்சலாம்' என்றால் நம்புவதா? சோளப் பூந்தாது அவர்களுக்குக் காலைப் பிரார்த்தனையில் தூவும் பொருள். அந்தத் தண்ணீரில் அதை வளர்க்க மனம் வராமல், ஊர் கூடி வாக்களித்து ஒரு வருடம் மூடினார்கள். பயிர் கருகுவதைப் பார்த்துக்கொண்டே மூடினார்கள். அதை முட்டாள்தனம் என்று எழுத எப்படிக் கை வருகிறது?

பனங்காடு: கழிவு கலந்த இடத்துக்கு மேலே, நவஹோ அணையிலிருந்து தண்ணீர் எடுக்கும் அவர்களுடைய பெரிய பண்ணைக்கு அந்தக் கழிவு வரவே இல்லை. அதையும் சேர்த்துப் பேசுங்கள்.

மதகடி: நவாஹோ அணை.

சோளக்கொல்லை: ஆறு, அணை எல்லாம் சரி. ஒரு அடியில் முளைத்த சோளத்தை யாராவது கண்ணால் பார்த்தீர்களா?

கரிசல்மண்: நூறு வருடத்துக்கு முன்பே பார்த்து எழுதியாயிற்று என்று இப்போதுதானே சொன்னேன். மேலே போய்ப் படியுங்கள்.

சோளக்கொல்லை: படித்தேன். இரண்டு விரல்தான்.